கடைசி வரிசை நாற்காலி

நூலக ஆண்டுவிழாவில் புலவர் செங்குட்டுவன் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். "தன்னடக்கத்தைப் பாருங்க! மேடைக்கு வாங்க ஐயா" என்று மைக்கில் கெஞ்சுவார்கள். கைதட்டலுக்கு நடுவே கும்பிட்டபடி நடந்து வருவார். வீட்டில் ஒத்திகை பார்த்த நடையோ என்று நூலகர் மங்கையர்க்கரசிக்கு நெடுநாள் சந்தேகம். இந்த வருடம் அவள் முந்திக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க முன்னாடி போய் உக்காருங்கம்மா."

"எனக்கு இதுவே போதுங்க ஐயா."

புலவர் வேறொரு நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"தன்னடக்கத்தைப் பாருங்க!" என்றது மைக். கூட்டம் மொத்தமும் திரும்பிக் கைதட்டியது. அவருக்கு முன்பே எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள் மங்கையர்க்கரசி.