இடம் மாறி நின்றவள்

அரண்மனையை மூட இன்னும் இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தது.

மூடும் நேரத்தில், என்னைப் பெண் பார்க்க வந்திருப்பவர் தன் அம்மாவுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்வார். சரி, அல்லது வேண்டாம். அதற்குள் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

சொல்லவே கூடாது என்பது அக்காவின் கட்டளை.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நாம ஒரு பொய்கூடச் சொல்லலடி. வாயை மூடிக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான்.”

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இதைச் சொல்லிவிட்டு அவள் தோட்டத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முன்பு வந்த இரண்டு வரன்களிடமும் முதலிலேயே சொன்னோம். நல்ல மனிதர்கள்தான். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அரண்மனை மியூசியத்தைத் தேர்ந்தெடுத்ததும் அக்காதான். ஹோட்டல் வேண்டாம், சினிமா வேண்டாம், அங்கேதான் சத்தம் இருக்காது என்றாள். எவ்வளவு அடக்கமான குடும்பம் என்று அவர் வீட்டில் மெச்சிக்கொண்டார்களாம்.

அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். மாடிப்படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“எழுபத்திரண்டு படி. ஒரு லிப்ட் இருந்திருந்தா ராஜா இன்னும் பத்து வருஷம் ஆண்டிருப்பார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கஷ்டம். பிடிக்காதவரிடம் எதையும் சொல்லிவிடலாம்.

ஆயுத அறையில் கண்ணாடிப் பெட்டிகள் இடதுபக்கச் சுவரோரம் இருந்தன. நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று அவர் ஒதுங்கி, பெட்டிப் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு வாள்களைப் பார்த்தேன். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் போய் மறுபக்கம் நின்றேன்.

அவர் மறுபடி ஒதுங்கினார். நான் மறுபடி சுற்றினேன்.

நாணய அறையிலும் அப்படியே. ஆற்றுப்படுகையில் தோண்டி எடுத்த பானைகள் இருந்த அறையில் மூன்று முறை. பல்லக்கு அறையில் அவர் கேட்டே விட்டார்.

“டிக்கெட்டுல அரண்மனையைத்தான் சுத்திப் பாக்கச் சொல்லியிருக்கு. என்னை இல்லீங்க.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஓர் அடி தள்ளியே நடந்தார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ராணியின் கண்ணாடி அறையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அங்கே என் முகம் பதினான்கு இடங்களில் தெரிந்தது. பதினான்கும் வாயைத் திறக்கவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகளுக்கு நான் தினமும் சொல்வது ஒன்றுண்டு. ஒரு சொட்டு கூடினால் நிறம் மாறிவிடும், பிறகு என்ன செய்தாலும் பழைய நிறம் வராது. அதையே நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தேன்.

நாலு ஐம்பதுக்குத் தர்பார் மண்டபம். சிம்மாசனத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐம்பது பேர் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவே நான் மாட்டிக்கொண்டேன். என் வலப்பக்கத்தில் அவர். சுற்றிப் போக இடமில்லை.

அவர் சற்றே குனிந்து, சிம்மாசனத்தைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார்.

நான் சிரித்துத் தலையாட்டினேன்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தலையாட்டிவிட்டால் யாரும் மறுபடி கேட்பதில்லை. அதனால் பெரிய நஷ்டம் எதுவும் வந்ததில்லை.

அவர் முகம் சுருங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். போனை எடுத்தார்.

மூட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

பிள்ளைகளை வாத்தியார் அடுத்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். மண்டபம் அடங்கியது. நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

“இல்லம்மா, பொண்ணுக்கு இஷ்டமில்ல. பக்கத்துல நின்னாலே நகர்ந்து போயிடறாங்க. அவங்ககிட்டயே கேட்டேன், பிடிக்கலைன்னா சொல்லுங்க, நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும், உங்களுக்குக் கெட்ட பேர் வேண்டாம்னு. சிரிச்சுக்கிட்டே தலையாட்டுறாங்கம்மா.”

அவர் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தேன். நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. ஸ்டூலில் இருந்த காவலாளி எழுந்து நின்றார்.

“போனை வைக்காதீங்க. உங்க அம்மாவும் கேக்கட்டும். உங்களைப் பிடிக்காம நான் நகரல. நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது. பொறந்ததுலேருந்து எனக்கு வலது காது கேக்காதுங்க.”