ஒரு ஓட்டுக் குறைவு

"என் ஓட்டுச்சீட்டையும் சேர்த்துத் தபால்ல போட்டியா?" என்று போன வாரம் வெண்டல் கேட்டபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லோர்னா திரும்பாமலே "போட்டாச்சு" என்றாள்.

இன்று முடிவு வந்துவிட்டது. கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில், கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட வரி கூட்டும் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து தோற்றிருந்தது.

கிணறு வற்றிப்போன பக்கத்து வீட்டு ரோசல்வா, வழக்கம்போலக் இன்னும் வற்றாத இவர்கள் கிணற்றில் தண்ணீர் பிடிக்கக் காலி கேன்களோடு வந்தாள். கையில், சோள மாவைச் சோளத் தோலில் பொதிந்து அவித்த சூடான டமாலே பொட்டலம் வேறு.

"ஒரே ஒரு ஓட்டு, அக்கா! எந்தப் புண்ணியவான் கெடுத்தானோ!"

"எங்கேயும் தேட வேணாம். இதோ உக்காந்திருக்காரு பாரு. ஒரு மாசமா வரி, வரின்னு புலம்பித் தீர்த்த மனுஷன்" என்று லோர்னா கணவரைக் காட்டினாள்.

வெண்டல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"புலம்பினேன்தான். ஆனா பேனாவக் கையில எடுத்தப்போ, இந்தப் பொண்ணு கேன் தூக்கிட்டுப் போறது ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது. 'வேணும்'னுதான் குறிச்சேன். தெரிஞ்சா நீ கிண்டல் பண்ணுவியேன்னு உறைய ஒட்டிக் குடுத்தேன்."



ரோசல்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ முதல் டமாலே அண்ணனுக்குத்தான்!" என்று அலமாரியிலிருந்து பெரிய தட்டை உருவினாள். அதோடு சேர்ந்து, வெண்டல் கையெழுத்திட்டு ஒட்டிய ஓட்டுச்சீட்டு உறை கீழே விழுந்தது.

"அவரு வேண்டாம்னுதான் குறிச்சிருப்பாருன்னு நெனச்சு... உனக்காகத்தான் ரோசல்வா..." என்று லோர்னா இழுத்தாள்.

ரோசல்வா உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு காலி கேன்களைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலே படியிறங்கிப் போனாள்.