திரும்பி வந்த அட்டை

"லெட்டர் வரவே இல்லைங்க மிஸ். வந்திருந்தா கெடச்ச விடுதி ரூமை நான் ஏன் வேணாம்னு விடப் போறேன்?"

தனுஷிகாவின் குரல் உடைந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் பிரேமினி அவளுடைய கோப்பைப் புரட்டினாள். பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் பிரிவில் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். வெளியே சீசன் டிக்கெட்டுக்கும் மருத்துவச் சான்றிதழுக்கும் பிள்ளைகள் மூன்று மொழியிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நலன் பிரிவு என்று பெயர்தான். நலமாக இருக்கிறவர் எவரும் அந்தப் படியேறுவதில்லை.

"லெக்சருக்கு உன் வரவு நூத்துக்கு எழுபத்தொரு வீதம். எண்பது இல்லாட்டி பரீட்சை எழுத விடமாட்டாங்க, தெரியும்தானே?"

"தெரியும் மிஸ். மஸ்கெலியாவுல மொத பஸ்ஸைப் புடிச்சு, ஹட்டன்ல மாறி வாறேன். கினிகத்தேனையில மண்ணு சரிஞ்சா அன்னைக்கு எட்டு மணி லெக்சர் போச்சு. இன்னும் ஏழு வாரம் இருக்கு. ரூம் கெடச்சா ஒண்ணு விடாம வந்து எண்பது ஆக்கிடுவேன்."

"காலையில எத்தனை மணிக்கு எழும்புற?"

"மூணு மணிக்குங்க. தம்பிங்க ரெண்டு பேருக்கும் சமைச்சு வச்சுட்டுத்தான் கெளம்பணும். அம்மா ஜனவரியில குவைத்துக்குப் போயிட்டாங்க."

பிரேமினி அவளுக்குப் பின்னால் பார்த்தாள். அப்பா கந்தப்பன், உட்காரச் சொல்லியும் உட்காராமல், நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முறையீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும் என்பது விதி. விடுதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்த அம்மா நாட்டில் இல்லாததால் இவர் வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் அப்பாமார் ஆபீஸ்களில் இப்படித்தான் நிற்பார்கள். பிரேமினியின் அப்பாவும் ஒரு காலத்தில் இப்படி நின்றவர்தான்.

"நாங்க பதிவுத் தபால்ல அனுப்பினோம், பதினாலு நாளுக்குள்ள வந்து ரூமை எடுக்கச் சொல்லி. நீ வரல. வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க. ஆனா பயப்படாதே." கோப்பிலிருந்து ஒரு சிறிய அட்டையை உருவினாள். "கடிதத்தை வாங்கினவர் கையெழுத்து வச்சு எங்களுக்குத் திரும்பி வந்த அட்டை இது. பெப்ரவரி பதினொண்ணு. உங்க தோட்டத்துக்குத் தபால் பை தூக்கிட்டு வர்ற ஆள்தான் வச்சிருப்பான். லயத்துக் கடிதம் எல்லாம் அவன் கையாலதானே வரும்?"

அட்டையில் பெயர் இல்லை. தூண்டில் முள் போல ஒரு வளைவு, அதன் கீழே இரண்டு கோடு, கோட்டுக்கு அடியில் அழுத்தி ஒரு புள்ளி.

பார்க்கப் பார்க்கப் பிரேமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாதியர் பயிற்சிக்கு அவளை அழைத்த கடிதமும் இப்படித்தான் எட்டு மாதம் கழித்து, தோட்ட ஆபீஸ் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"யாருன்னு மட்டும் சொல்லு. கடிதத்தை அமுக்கினது அவன்தான்னு தெரிஞ்சா, முறையீட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கிற ரூம்ல ஒண்ணு இன்னைக்கே உனக்கு. அவனைப் பத்தி நானே தோட்டத்து மேனேஜர் தொரைக்கு எழுதுறேன்."

தனுஷிகா அட்டையை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"அந்த ஆளுக்கு என்னங்க மிஸ் ஆகும்?"

"வேலை போகும். வேலை போனா குடியிருக்கிற லயக் காம்பிராவையும் விட்டுட்டுப் போகச் சொல்லுவாங்க. போகட்டும்! ஒரு பிள்ளையோட படிப்புல மண்ணள்ளிப் போட்டவனுக்கு என்ன இரக்கம்?"

அவள் அட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"தெரியலைங்க மிஸ். இப்புடிக் கையெழுத்து வைக்கிற ஆள் எங்க தோட்டத்துல யாருமே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆள் தெரியாட்டி, கடிதம் உங்க வீட்டுக்கு வந்துட்டதாத்தான் எடுப்பாங்க. ரூம் இல்ல, பரீட்சையும் இல்ல. ஒரு வருஷம் வீணாப் போகும்."

"போனாப் போகட்டுங்க. நான் முறையீட்டை வாபஸ் வாங்கிக்கிறேன்."

பிரேமினிக்குச் சலித்துவிட்டது. எவனோ தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குச் சொந்தக்காரனாக இருப்பான், இவர்களை மிரட்டி வைத்திருப்பான். இப்படிப் பயந்து சாகிற பிள்ளைகளை யார்தான் கரையேற்றுவது? வாபஸ் படிவத்தை எடுத்து மேசையில் போட்டாள்.

"நீயும் அப்பாவும் கையெழுத்து வைங்க."

தனுஷிகா மளமளவென்று தன் கையெழுத்தைப் போட்டாள். பேனாவை மட்டும் அப்பாவிடம் கொடுக்கவில்லை.

"அப்பாவுக்கு எழுதத் தெரியாதுங்க மிஸ். பெருவிரல் வைக்கட்டும்."

பிரேமினி மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். கந்தப்பன் அசையவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வைங்கப்பா," என்றாள் அவள், அடிக்குரலில். "விரலை வைங்க, போவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் குடையைத் தரையில் வைத்தார்.

"சின்னவன் ராவெல்லாம் அம்மா வேணும்னு அழுவுறான் மேடம். இவளும் போயிட்டா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டு மகளின் கையிலிருந்து பேனாவை எடுத்தார். கவிழ்ந்து கிடந்த அட்டையை நிமிர்த்தி, படிவத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்: தூண்டில் முள் போல ஒரு வளைவு, அதன் கீழே இரண்டு கோடு, கோட்டுக்கு அடியில் அழுத்தி ஒரு புள்ளி.