இருபத்துமூன்று அண்ணன்மார்

கதை பலவீனம் என்று பரமேஸ்வரன் முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிவுகட்டிவிட்டார்.

சொல்லிக்கொண்டிருந்தவர் இர்மா என்ற எழுபது வயது யூதப் பெண்மணி. பதினெட்டு வயதில் ஹிட்லரின் வதைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டு, உயிரோடு மீண்டவர். 1996இல் லண்டன் சிறையொன்றின் எழுத்து வகுப்பில், பரமேஸ்வரன் உட்படப் பதினொரு கைதிகளுக்கு முன்னால், மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசினார்.

ரயில் ஏறிய தேதி? மறந்துவிட்டாராம்.

பெட்டிக்குள் எத்தனை பேர்? எண்ணவில்லையாம்.

ஆனால் ஒரு சீப்பைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசினார். ரயிலில் தங்கை சீப்பைக் கேட்டாளாம். இவர் தரமாட்டேன் என்றாராம். இறங்கிய இடத்தில் இருவரையும் வெவ்வேறு வரிசைக்குப் பிரித்துவிட்டார்களாம். அழவேண்டிய இடத்தில் கிழவி சிரித்தார். மூன்று பல் உடைந்த சீப்பு அது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பரமேஸ்வரனுக்குத் தொழில்முறையில் மனம் பதறியது. இவரை இப்படியே ஒரு விசாரணை அதிகாரி முன்னால் உட்காரவைத்தால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவான். அரைமணி நேரம் தன்னிடம் விட்டால் போதும். தேதி, கிழமை, ரயில் இலக்கம் எல்லாம் போட்டுக் கதையை நிமிர்த்திவிடலாம். சீப்பைத் தூக்கிவிடலாம்.

மனிதர் சும்மா பீற்றவில்லை. தெற்கு லண்டனில், டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் ஆறு வருடம் அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர். ஊரில் மெய்யாகவே அடிபட்டு வந்தவனும் அவரிடம்தான் வந்தான். மெய்யாக அடிபட்டவனுக்கு அதை ஒழுங்காகச் சொல்ல வராது. கேஸ் மாஸ்டர் என்று லண்டனின் மறுகோடியிலிருக்கும் குட்மேய்ஸ்வரை அவருக்குப் பேர்.

அந்தப் பேர்தான் அவரை உள்ளே தள்ளியது. இருபத்துமூன்று விண்ணப்பங்களில் ஒரே சம்பவம். சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறிக்கிறார்கள், தம்பியை இறக்குகிறார்கள், அண்ணனும் கூடவே இறங்கிப்போய் மன்றாடுகிறான். ஒன்றில் அண்ணன் அதிகாரியின் காலைப் பிடிக்கிறான். இன்னொன்றில் துப்பாக்கிப் பிடியால் அடிவாங்குகிறான். வேறொன்றில் தம்பியை மீட்டுக்கொண்டே வந்துவிடுகிறான்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்குத் தம்பியே கிடையாது, ஐந்தும் அக்காமார் என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தது. யாழ்ப்பாணத்தில் மொத்தமே ஒரு பஸ்தான் ஓடியதா என்று அரசு வக்கீல் கேட்டார். ஜூரிமார் சிரித்தார்கள். பரமேஸ்வரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அவருடைய தலைக்கே வந்திருந்தது. அடுத்த மாதம் தண்டனை முடிகிறது. அதன்பிறகு இந்த நாட்டில் இருக்கவிடுவதா, விமானத்தில் ஏற்றி அனுப்புவதா என்று ஒரு விசாரணை. பத்து வருடத்துக்கு முன் வந்திறங்கியபோது அவர் தனக்காக எழுதிய விண்ணப்பத்தில் இரண்டே வரி. நாட்டில் பிரச்சினை. உயிருக்குப் பயம். ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவருக்குத் தன் விஷயத்தில் அதற்குமேல் கை ஓடவில்லை.

இன்றைக்கு எழுதும் ஒரு பக்கத்தை அந்த விசாரணைக்கு அனுப்பிவைப்பதாக வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். நடந்ததாக இருக்கவேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

பரமேஸ்வரன் இருபது நிமிடத்தில் வெளுத்துவாங்கிவிட்டார். தேதி, நேரம், ஜீப்பின் இலக்கம், அன்றைய வெயில். பஸ், தம்பி, அண்ணன். இந்தமுறை அண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது.

இர்மா மேசை மேசையாக வந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவருடைய பக்கத்தை இரண்டு தரம் படித்தார். நடுவில் ஒருமுறை தலையாட்டவும் செய்தார். பரமேஸ்வரன் சற்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"மிகவும் நன்றாக இருக்கிறது," என்றார் இர்மா. "இது யாருக்கு நடந்தது?"

எனக்குத்தான் என்று சொல்லப் பரமேஸ்வரன் வாயெடுத்தார். வரவில்லை. மூன்று நாள் துருவித் துருவிக் கேட்ட வக்கீலுக்கு ஈடுகொடுத்த வாய் அது. வெட்கமாக இருந்தது.

இர்மா அடுத்த மேசைக்குப் போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அவசரப்படுகிறவராகத் தெரியவில்லை.

பரமேஸ்வரன் எழுதிய தாளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். தேதி போடவில்லை. உண்மையில் அந்தத் தேதி அவருக்கு நினைவில்லை. ஜீப்பின் இலக்கத்தையும் அவர் பார்த்ததில்லை.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. இப்படி எழுதினால் கேஸ் தேறாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் லண்டனில் கிடையாது. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் முதல் வேலையாக வெட்டி எறிந்திருப்பார். இருந்தும் எழுதினார்.

இறங்குவதற்கு முன் தம்பி என்னிடம் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தந்தான். "இதை ஒருக்காப் பிடியண்ணை, இப்ப வாறன்," என்றான். போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை. இவனோடு வந்தவன் யார் என்று கீழே நின்று கேட்டார்கள். இரண்டாம் தரமும் கேட்டார்கள். எண்ணெய் சிந்திவிடும் என்று நான் இறங்கவில்லை.