மூன்றாவது வரி

கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள் தஸ்நேவிஸ்.

"மூணாவது வரியில மை பூசியிருக்கு. அதுல என்ன எழுதியிருந்தாவன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

அவன் பார்க்க வேண்டியதில்லை. மை பூசியதே அவன்தான்.

அவளுக்கு அது தெரியாது. செத்துப்போன புருஷனோடு ஒரே கப்பலில் இருந்தவன், பிழைத்து வந்தவன், கரைக் கிடங்கில் புருஷன் விட்டிருந்த பெட்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்த நல்ல மனுஷன். அவ்வளவுதான் தெரியும். காப்பி வேறு போட்டுக் கொடுத்திருந்தாள்.

யுத்தத்துக்கென்று எடுத்த சின்னக் கப்பல் அது. எதிரி கடலில் போட்டுவைத்த வெடிகளை வாரி அழிக்கிற வேலை. இருபத்தேழு பேர்.

தணிக்கை இல்லாமல் ஒரு கடிதமும் கரைக்குப் போகக் கூடாது. வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இவன் படித்துச் சொல்வான். ஊர்ப்பெயரோ தேதியோ வந்தால் அதிகாரி மைத்தூரிகையை இவனிடம் நீட்டுவார்.

கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற அவள் புருஷன் கஸ்பார் கெட்டிக்காரன். ஊரும் போடவில்லை, தேதியும் போடவில்லை.

'மாதா கொடியேறும் அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வா.'

எந்த மாதா, எந்தத் துறை என்று வெள்ளைக்காரன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்.

தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றம், தூத்துக்குடித் துறை என்று இவன்தான் அதிகாரிக்கு விளக்கிச் சொன்னான். விளக்கம் சொல்லென்று யாரும் கேட்கவில்லை. சட்டைக் கையில் ஏறப்போகும் பதவிப் பட்டைக்கு ஆசைப்பட்டுச் சொன்னான், வேறொன்றுமில்லை.

பட்டை அந்த மாதமே ஏறியது.

கொடியேற்றத்தன்று கப்பல் தூத்துக்குடித் துறையில் நின்றது. யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. கஸ்பார் காலையிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு மாதப் பிள்ளையை அவன் இன்னும் பார்த்ததில்லை.

"எழுத்து போய்ச் சேந்திருக்கும்லா?"

நாலு தடவை கேட்டான். சேர்ந்திருக்கும் என்று நாலு தடவையும் இவன் சொன்னான்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது.

"வர மனசில்ல அவளுக்கு."

சொல்லிவிட்டுக் கஸ்பார் கீழே இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவள் பேரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கப்பலுக்கு அடியில் வெடி வெடித்தது. கீழே இருந்தவர்கள் ஒருவரும் மேலே வரவில்லை.

கஸ்பார் அழுத்தி எழுதுகிறவன். மைக்கு அடியில் எழுத்துகள் இப்போதும் விரலுக்குத் தட்டுப்பட்டன.

"ஒண்ணும் தெரியலம்மா."

"அடுத்த வரி 'மறந்துடாதே'ன்னு இருக்கு. எதைன்னுதான் புரியல." பிள்ளையை மடியில் சரித்துப் போட்டாள். "கோயிலுக்குப் போகச் சொல்லியிருப்பாவன்னு நெனச்சேன். மாதா கொடியேத்துக்குப் பிள்ளையோட தூத்துக்குடிக்குப் போயி, அவியளுக்காகத் திரி கொளுத்திட்டு வந்தேன்."

கோயிலிலிருந்து துறை கூப்பிடு தூரம்.

பட்டை தெரியாதபடி அவன் சட்டைக் கையைச் சுருட்டி மேலே விட்டுக்கொண்டான்.

"மை பூசுனவனுக்குத் தமிழ் தெரியுமாண்ணே?"

"தெரியாதும்மா."

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"அப்ப அவனைச் சொல்லிக் குத்தமில்ல. தெரியாமப் பண்ணிட்டான். காப்பி ஆறுது, குடிங்க."