செவலையின் கொட்டாவி

அண்ணன் தம்பிகள் நடத்திய அரிசி மண்டியில் செவலை என்றொரு காவல் நாய் இருந்தது. ஒருநாள் வீட்டு மாப்பிள்ளை பின்வாசல் வழியே மூட்டையைத் தூக்கிப் போனார். செவலை குரைத்தது.

“நம்ம மாப்பிள்ளையைப் பார்த்தா குரைக்கிறே?” என்று முதலாளி சோற்றை நிறுத்திவிட்டார்.

செவலை பசியோடு ஒரு கம்பெனிக் கிடங்குக்குப் போய், அங்கே காவலிருந்த கருப்பன் என்ற நாயிடம் வேலை கேட்டது.

“இங்கே சொந்தபந்தமெல்லாம் கிடையாது தம்பி. கேட் பாஸ் இல்லாம எவன் மூட்டை எடுத்தாலும் குரை. சோறு நிச்சயம்.”

செவலைக்கு உயிர் வந்தது. அப்போது மேனேஜர் ஒரு லாரி நிறைய மூட்டையோடு வெளியே கிளம்பினார்.

“இது எங்கே போகுது அண்ணே?”

“அவர் வீட்டுக்கு.”

செவலை வாயைத் திறந்தது.

“ஏய், பாஸ் இருக்குடா!”

“யார் கொடுத்தது?”

“அவரேதான்.”

செவலைக்குத் தலை சுற்றியது. குரைக்கவும் தெரியாமல், திறந்த வாயை மூடவும் தெரியாமல், கொட்டாவி விட்டது.

“அடேயப்பா, சீக்கிரம் கத்துக்கிட்டியே!” என்றது கருப்பன். “வா, சாப்பிடலாம்.”