முன்னப்பின்ன

"நம்ம தேரிக்காட்டுக்கு அடியில, மூணு கிலோமீட்டர் ஆழத்துல எவ்வளவு சூடுன்னு தோண்டாமலே எப்படிச் சொல்லுதீங்க?" என்று தேவமணி கேட்டாள்.

பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்த ஜெபசீலன் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான ஒன்பது வருடத்தில் கணவனின் வேலையைப் பற்றி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"பாறையில காந்தம் இருக்கும். ஒரு அளவுக்கு மேல சூடானா அது செத்துரும். எந்த ஆழத்துல சாவுதுன்னு மேல இருந்தே கருவி வச்சுப் பாத்து, சூட்டைக் கணக்குப் போடுவோம்."

"எவ்வளவு வந்துச்சு?"

"நூத்தி முப்பது டிகிரி. நாப்பது முன்னப்பின்ன இருக்கலாம்."

"அதையும் எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதாம? உள்ள போய்ப் பாக்காதவன் உறுதியாச் சொன்னா, அது பொய்யில்லா?"

அவன் சொல்லி முடிக்கவும், குடும்ப நல நீதிமன்றத்தின் டவாலி வெளியே வந்து இருவர் பெயரையும் கூப்பிட்டார்.

தேவமணி எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"எனக்கு உங்க மேல பிரியமே கிடையாதுன்னு விவாகரத்து மனுவுல எழுதியிருக்கீங்களே. அதுல மட்டும் ஏன் முன்னப்பின்ன எதுவும் போடல?"